லினக்ஸ் வழங்கலுக்கான மின்னஞ்சல் செயலிப் பொதியாக்கம்

மின்னஞ்சல் செயலிப் பொதியாக்கம் என்பது, மின்னஞ்சல் படிக்கவும் அனுப்பவும் உதவும் ஒரு மென்பொருளின் மூல நிரலை எடுத்து, குறிப்பிட்ட லினக்ஸ் வழங்கலில் எளிதாக நிறுவவும் இற்றைப்படுத்தவும் நீக்கவும் கூடிய பொதியாக மாற்றும் பணியாகும். நிரலைத் தொகுப்பது இப்பணியின் ஒரு பகுதி மட்டுமே. உரிமத்தைச் சரிபார்த்தல், பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தும் உரிமையைப் பெறுதல், மொழிக் கோப்புகளைச் சேர்த்தல், பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் கொண்டு சேர்த்தல், பயனரின் பழைய கடிதங்கள் அழியாமல் காத்தல் ஆகியவையும் இதில் அடங்கும்.

இப்பணியின் எல்லாச் சிக்கல்களையும் ஒரே இடத்தில் காட்டும் எடுத்துக்காட்டு, டெபியன் வழங்கலில் மொசில்லா தண்டர்பேர்ட் கடந்து வந்த வரலாறு ஆகும். அந்த நிரல் டெபியனில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் 'ஐஸ்டவ்' என்ற வேறு பெயரில் வழங்கப்பட்டது. அதற்குத் தமிழ் மொழிப் பொதியும் இருந்தது. இன்று பெயர் திரும்பிவிட்டது, தமிழ் திரும்பவில்லை.

## பொதி என்றால் என்ன

லினக்ஸ் என்பது கருநிரலின் பெயர். அந்தக் கருநிரலுடன் ஆயிரக்கணக்கான பிற மென்பொருள்களையும் சேர்த்து, ஒன்றோடொன்று பொருந்துமாறு அமைத்து வெளியிடும் தொகுப்பே 'வழங்கல்' எனப்படுகிறது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஓபன்சூசே ஆகியவை அறியப்பட்ட வழங்கல்கள். இவற்றில் டெபியன் 1993 ஆகஸ்ட் 16 அன்று இயன் மர்டாக் அறிவித்த திட்டம், தன்னார்வலர்களால் நடத்தப்படுகிறது. உபுண்டுவும் இந்தியாவின் பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டவை.

தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற ஊர். தோட்டத்தில் பறித்த பழம் அப்படியே வெளியூர்க் கடைக்குப் போவதில்லை. சந்தைக்கு வந்து, தரம் பிரிக்கப்பட்டு, மூட்டையாகக் கட்டப்பட்டு, சேரவேண்டிய இடம் குறிக்கப்பட்ட பிறகே லாரி ஏறுகிறது. மென்பொருளை எழுதுபவர் விவசாயி என்றால், பொதியாக்கம் செய்பவர் சந்தையில் தரம் பார்த்து மூட்டை கட்டுபவர். ஒரு வேறுபாடு உண்டு. மூட்டை கை மாறியதும் சந்தைக்காரரின் வேலை முடிந்துவிடும். பொதியாக்கம் செய்பவரின் வேலை, அந்த வழங்கலுக்கு ஆதரவு முடியும் நாள்வரை தொடரும்.

டெபியனின் பொதிக் கோப்பு 'டெப்' என்ற பின்னொட்டைக் கொண்டது. அதற்குள் மூன்று பகுதிகள் உள்ளன. முதலாவது, பொதி வடிவத்தின் பதிப்பு எண். இரண்டாவது, பொதியின் பெயர், பதிப்பு, அது சார்ந்திருக்கும் பிற பொதிகள், நிறுவும்போதும் நீக்கும்போதும் இயங்க வேண்டிய சிறு நிரல்கள் ஆகியவை அடங்கிய கட்டுப்பாட்டுத் தொகுப்பு. மூன்றாவது, கணினியில் வைக்கப்பட வேண்டிய கோப்புகள். ஃபெடோரா, ஓபன்சூசே போன்றவை 'ஆர்பிஎம்' என்ற வேறு வடிவத்தைப் பயன்படுத்துகின்றன. வடிவம் வேறானாலும் அடிப்படைக் கருத்து ஒன்றே.

## மின்னஞ்சல் செயலியின் தனித்தன்மை

கணக்குப்பொறி போன்ற சிறு நிரலைப் பொதியாக்குவதற்கும் மின்னஞ்சல் செயலியைப் பொதியாக்குவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

முதலாவதாக, மின்னஞ்சல் செயலி அறிமுகமில்லாதவர்கள் அனுப்பும் தரவைத் திறந்து காட்டுகிறது. எச்டிஎம்எல் கடிதம், படம், இணைப்புக் கோப்பு என எதன் வழியாகவும் தாக்குதல் வரலாம். ஆகவே பாதுகாப்புத் திருத்தத்தைத் தாமதிக்க முடியாது.

இரண்டாவதாக, பயனரின் கடிதங்கள், முகவரிகள், கடவுச்சொற்கள் ஆகியவற்றை அது வைத்திருக்கிறது. ஒரு விளையாட்டு நிரல் பழுதானால் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். பத்து ஆண்டுக் கடிதங்கள் தொலைந்தால் அவற்றை எந்தப் பொதியும் திருப்பித் தராது.

மூன்றாவதாக, அது தனித்து இயங்குவதில்லை. இணைய உலாவியில் ஒரு மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கினால் இந்தச் செயலி திறக்க வேண்டும். மறையாக்க நூலகம், எழுத்துரு, எழுத்துப்பிழை திருத்தி, நாட்காட்டி ஆகியவற்றோடு இது ஒத்துப்போக வேண்டும்.

இணையம் சீராகக் கிடைக்காத ஊர்களில் இத்தகைய செயலிக்குக் கூடுதல் பயன் உண்டு. உலாவி வழியாகப் பார்க்கும் அஞ்சல், இணைப்பு இருக்கும்போதுதான் பெரும்பாலும் கிடைக்கும். கணினியில் நிறுவிய செயலி, கடிதங்களை இறக்கி வைத்துக்கொள்வதால் இணைப்பு இல்லாதபோதும் படிக்கலாம், பதில் எழுதி வைக்கலாம், இணைப்பு வந்ததும் அனுப்பலாம்.

## பொதியாக்கத்தின் படிகள்

### மூல நிரலும் உரிமமும்

மென்பொருளை உருவாக்கும் திட்டம் வெளியிடும் மூல நிரல் தொகுப்பைப் பெறுவது முதல் படி. அதிலுள்ள ஒவ்வொரு கோப்பின் பதிப்புரிமையும் உரிமமும் பார்க்கப்பட வேண்டும். 1997-இல் டெபியன் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தமும் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டு நெறிகளும் இதற்கு அளவுகோல். பயன்படுத்தவும், மாற்றவும், மாற்றியதைப் பகிரவும் எல்லோருக்கும் உரிமை தரும் மென்பொருள்தான் டெபியனின் முதன்மைக் களஞ்சியத்தில் இடம்பெறும். பொருந்தாத கோப்பு ஏதேனும் இருந்தால் அதை நீக்கிவிட்டு மூலத் தொகுப்பை மீண்டும் கட்ட வேண்டும்.

### கட்டுப்பாட்டுக் கோப்புகள்

மூல நிரலோடு 'டெபியன்' என்ற பெயரில் ஒரு கோப்புறை சேர்க்கப்படும். அதில் உள்ள முக்கியக் கோப்புகள் வருமாறு:

- கன்ட்ரோல்: பொதியின் பெயர், விளக்கம், பொறுப்பாளர், தொகுக்கத் தேவையானவை, இயங்கத் தேவையானவை.
- ரூல்ஸ்: நிரலை எப்படித் தொகுத்துப் பொதியாக்குவது என்ற வழிமுறை.
- சேஞ்ச்லாக்: ஒவ்வொரு பதிப்பிலும் செய்யப்பட்ட மாற்றங்களின் பதிவு.
- காப்பிரைட்: கோப்புகளின் பதிப்புரிமையும் உரிமமும்.
- பேட்சஸ்: மூல நிரலில் வழங்கலுக்காகச் செய்த திருத்தங்கள், ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக.

மூல நிரலை நேரடியாக மாற்றாமல் திருத்தங்களைத் தனிக் கோப்புகளாக வைப்பதற்குக் காரணம் உண்டு. யார், எதற்காக, எதை மாற்றினார்கள் என்பது எவருக்கும் தெரியும். அடுத்த பதிப்பு வரும்போது அதே திருத்தத்தை மீண்டும் பொருத்திப் பார்க்கவும் முடியும்.

### பதிப்பு எண்

டெபியனில் தண்டர்பேர்டின் பதிப்பு '1:45.8.0-3' என்பது போல எழுதப்படும். நடுவில் உள்ள 45.8.0 மூலத் திட்டம் கொடுத்த எண். இறுதியில் உள்ள 3, அதே நிரலை டெபியன் மூன்றாவது முறையாகப் பொதியாக்கியதைக் குறிக்கிறது. முன்னால் உள்ள '1:' சகாப்த எண் எனப்படும். பதிப்பு எண்ணிடும் முறை எப்போதாவது மாறி, புதிய எண் பழையதைவிடச் சிறியதாகத் தோன்றினாலும், எது புதியது என்று கணினி சரியாக அறிய இது உதவுகிறது. ஒருமுறை சேர்த்த சகாப்த எண்ணைப் பின்னர் எடுக்க முடியாது.

### பிரித்துப் பொதியாக்குதல்

ஒரே மூல நிரலிலிருந்து பல பொதிகள் உருவாகலாம். தண்டர்பேர்டின் முதன்மை நிரல் ஒரு பொதி. ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிப் பொதி. முதன்மை நிரல் செயலியின் வகைக்கேற்ப மாறுவதால், அது ஒவ்வொரு கணினிக் கட்டமைப்புக்கும் தனியே தொகுக்கப்படும். மொழிப் பொதி எல்லாக் கட்டமைப்புக்கும் பொது. இப்படிப் பிரிப்பதால் தமிழ் மட்டும் வேண்டுபவர் பிற மொழிகளைச் சுமக்க வேண்டியதில்லை.

### தொகுத்தலும் சோதித்தலும்

பொறுப்பாளர் தம் கணினியில் தொகுத்து, 'லிண்டியன்' என்ற கருவியால் பொதியின் குறைகளைச் சோதித்து, களஞ்சியத்துக்கு ஏற்றுவார். பிறகு டெபியனின் தானியங்கிக் கணினிகள் ஒவ்வொரு கட்டமைப்புக்கும் அதைத் தொகுக்கும். புதிய பொதி முதலில் 'அன்ஸ்டேபிள்' கிளையில் நுழையும். பெரிய வழுக்கள் எதுவும் வராமல் சில நாட்கள் கழிந்தால் 'டெஸ்டிங்' கிளைக்குச் செல்லும். அந்தக் கிளை முதிர்ந்ததும் 'ஸ்டேபிள்' என்ற நிலையான வெளியீடாகிறது.

தண்டர்பேர்ட் போன்ற பெரிய நிரலில் தொகுத்தலே ஒரு சுமை. ஃபயர்பாக்ஸின் அடித்தளமே தண்டர்பேர்டுக்கும் அடித்தளம். அதன் சில பகுதிகள் ரஸ்ட் மொழியில் எழுதப்படத் தொடங்கியதும், ரஸ்ட் தொகுப்பியின் புதிய பதிப்பு தேவைப்பட்டது. நிலையான வெளியீட்டில் இருந்ததோ பழைய பதிப்பு. எனவே மொசில்லா நிரல்களைத் தொகுப்பதற்காகவே ரஸ்ட் தொகுப்பியின் புதிய பதிப்பு ஒன்றைத் தனிப் பொதியாக டெபியன் நிலையான வெளியீட்டில் சேர்க்க நேர்ந்தது. ஒரு மின்னஞ்சல் செயலியைப் புதுப்பிக்க ஒரு தொகுப்பியையே பொதியாக்க வேண்டிய நிலை இது.

## உரிமம் தடுத்த பொதி: பைன்

பெயர்ச் சிக்கலுக்கு முன்பே, உரிமச் சிக்கலால் ஒரு மின்னஞ்சல் செயலி டெபியனில் முழுமையாக இடம்பெற முடியாமல் போனது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'பைன்', 1990-களில் பல்கலைக்கழகங்களில் மிகவும் பரவியிருந்த எழுத்துமுறைச் செயலி. அதன் மூல நிரல் எல்லோருக்கும் கிடைத்தது. ஆனால் மாற்றிய வடிவத்தைப் பகிர அதன் உரிமம் இடம் தரவில்லை எனப் பல்கலைக்கழகம் கருதியது. டெபியனின் கோப்பு அமைப்புக்கு ஏற்ப மாற்றாமல் பொதியாக்க முடியாது. மாற்றினால் தொகுத்துப் பகிர முடியாது.

இதனால் டெபியன் மூல நிரலையும் திருத்தங்களையும் தனித்தனியாக மட்டும் வைத்தது. பயனர் அவற்றை எடுத்துத் தம் கணினியில் தாமே தொகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2007-இல் இதே பல்கலைக்கழகம் 'ஆல்பைன்' என்ற வழித்தோன்றலை அப்பாச்சி உரிமத்தில் வெளியிட்ட பிறகே இச்சிக்கல் தீர்ந்தது. மூல நிரலைப் பார்க்க முடிவதும், அதை மாற்றிப் பகிரும் உரிமை இருப்பதும் ஒன்றல்ல என்பதற்குப் பைன் தெளிவான சான்று.

## தண்டர்பேர்ட் ஐஸ்டவ் ஆன கதை

தண்டர்பேர்ட் 1.0 பதிப்பு 2004 டிசம்பர் 7 அன்று வெளியானது. அதன் நிரல் கட்டற்ற உரிமத்தில் இருந்ததால் டெபியனில் சேர்வதில் தடை இல்லை. சிக்கல் பெயரிலும் சின்னத்திலும் இருந்தது.

'ஃபயர்பாக்ஸ்', 'தண்டர்பேர்ட்' ஆகிய பெயர்கள் மொசில்லாவின் வணிகக்குறிகள். அவற்றின் சின்னப் படங்களுக்கு நிரலின் கட்டற்ற உரிமம் பொருந்தவில்லை. அதனால் டெபியன் ஃபயர்பாக்ஸ் என்ற பெயரை வைத்துக்கொண்டு, அதிகாரபூர்வச் சின்னத்துக்குப் பதில் பொதுவான படத்தைப் பயன்படுத்தியது. 2006-இல் மொசில்லா இதை ஏற்கவில்லை. பெயரைப் பயன்படுத்தினால் சின்னத்தையும் பயன்படுத்த வேண்டும், நிரலில் செய்யும் திருத்தங்களுக்கு மொசில்லாவின் ஒப்புதலும் வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு.

இரு தரப்புக்கும் நியாயம் இருந்தது. யாரோ மாற்றிய நிரல் பழுதானால், பயனர் குறை சொல்வது மொசில்லாவைத்தான். தீங்கான மாற்றங்களோடு அதே பெயரில் நிரல் பரவுவதைத் தடுக்கவும் வணிகக்குறி தேவை. டெபியனின் கவலைகள் வேறு. சின்னத்தின் உரிமம் அதன் நெறிகளுக்குப் பொருந்தவில்லை. நிலையான வெளியீட்டில் அது புதிய பதிப்புகளைச் சேர்ப்பதில்லை. பழைய பதிப்பிலேயே பாதுகாப்புத் திருத்தங்களைப் பொருத்தி வந்தது. அவசரத் திருத்தம் ஒவ்வொன்றுக்கும் வெளி நிறுவனத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க முடியாது. மேலும், டெபியனுக்கு மட்டும் சிறப்பு அனுமதி என்பதை அதன் நெறிகள் ஏற்பதில்லை. டெபியனிலிருந்து எடுத்து மாற்றி வழங்குபவருக்கும் அதே உரிமை கிடைக்க வேண்டும்.

இதற்கான வழி அதே நெறிகளில் இருந்தது. மாற்றிய மென்பொருளுக்கு வேறு பெயர் வைக்குமாறு ஓர் உரிமம் கோரலாம் என்று டெபியன் நெறிகளே ஒப்புக்கொள்கின்றன. ஆகவே பெயர் மாற்றப்பட்டது. ஃபயர்பாக்ஸ் 'ஐஸ்வீசல்' ஆனது. நெருப்புக்குப் பனி, நரிக்கு மரநாய் என்ற சொல் விளையாட்டு அது. அதே வழியில் இடிப்பறவையான தண்டர்பேர்ட், பனிப்புறாவான 'ஐஸ்டவ்' ஆனது. 2007 ஏப்ரல் 8 அன்று வெளியான டெபியன் 4.0 இந்தப் பெயர்களோடு வந்தது.

நிரல் ஏறக்குறைய அதேதான். ஆனாலும் பயனருக்குக் குழப்பம் இருந்தது. தண்டர்பேர்டைத் தேடியவர் ஐஸ்டவ் என்ற அறியாத பெயரைக் கண்டார். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் ஒரு பெயரும் திரையில் வேறு பெயரும் இருந்தன. மாற்றி வழங்கும் சுதந்திரத்தைக் காப்பதற்கு டெபியன் கொடுத்த விலை இது.

## பெயர் திரும்பியது எப்படி

காலப்போக்கில் இரு பக்கமும் நிலைமை மாறியது. மொசில்லாவின் சின்னப் படங்களின் உரிமம் தளர்ந்தது. மறுபக்கம், வேகமாக மாறிவரும் நிரலின் பழைய பதிப்பில் திருத்தங்களைப் பொருத்துவது டெபியனால் இயலாததானது. 2013-இல் டெபியன் அந்த முயற்சியைக் கைவிட்டு, மொசில்லாவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை நிலையான வெளியீட்டிலும் அப்படியே சேர்க்கத் தொடங்கியது. டெபியனின் திருத்தங்கள் குறைந்தன. ஒப்புதல் பற்றிய சண்டைக்கு இடமும் குறைந்தது. டெபியன் செய்யும் திருத்தங்கள் நிரலின் தரத்தைக் கெடுப்பவை அல்ல என்பதை மொசில்லா தரப்பும் ஏற்றுக்கொண்டது.

2016-இல் ஃபயர்பாக்ஸ் தன் பெயரோடு டெபியனுக்குத் திரும்பியது. 2017 பிப்ரவரியில் அன்ஸ்டேபிள் கிளையில் ஐஸ்டவ் மீண்டும் தண்டர்பேர்ட் ஆனது. 2017 ஜூன் 17 அன்று வெளியான டெபியன் 9, தண்டர்பேர்ட் என்ற பெயரையே கொண்டிருந்தது.

## கடிதங்களை இடம் மாற்றுதல்

பெயரை மாற்றுவது ஒரு வரி வேலை போலத் தோன்றும். பயனரின் கணினியில் அது அவ்வளவு எளிதல்ல. ஐஸ்டவ் பயனரின் கடிதங்களும் கணக்கு விவரங்களும் அவருடைய இல்லக் கோப்புறைக்குள் 'ஐஸ்டவ்' என்ற மறைகோப்புறையில் இருந்தன. புதிய பொதி தேடுவதோ 'தண்டர்பேர்ட்' என்ற மறைகோப்புறையை. அப்படியே விட்டிருந்தால், இற்றைப்படுத்திய மறுநாள் காலையில் பயனர் வெறுமையான அஞ்சல் பெட்டியைக் கண்டிருப்பார். கடிதங்கள் கணினியில்தான் இருக்கும். ஆனால் அவை அழிந்துவிட்டன என்றே அவர் நினைப்பார்.

இதற்கு டெபியன் பொறுப்பாளர்கள் செய்த ஏற்பாடுகள்:

- 'ஐஸ்டவ்' என்ற பழைய பெயரில் உள்ளடக்கமற்ற ஒரு மாற்றுப் பொதி வைக்கப்பட்டது. அது தண்டர்பேர்டைச் சார்ந்திருக்கும். எனவே வழக்கம்போல இற்றைப்படுத்துபவருக்குப் புதிய நிரல் தானாக வந்துசேரும்.
- தண்டர்பேர்டைத் தொடங்கும் சிறு நிரல், முதல் முறை இயங்கும்போது பழைய கோப்புறை உள்ளதா என்று பார்த்து, அதைப் புதிய பெயரில் பயன்படும்படி செய்யும்.
- பழையதும் புதியதும் ஆகிய இரு கோப்புறைகளும் ஏற்கெனவே இருந்தால், எது வேண்டும் என்று தானாக முடிவெடுக்காமல் பயனருக்கு அறிவிக்கும்.
- மின்னஞ்சல் முகவரியைச் சொடுக்கினால் ஐஸ்டவ் திறக்க வேண்டும் என்றிருந்த அமைப்புகள் தண்டர்பேர்டுக்கு மாற்றப்படும்.

இரண்டாவது ஏற்பாடு கவனிக்கத் தக்கது. பொதி நிறுவப்படும்போது இயங்கும் நிரல் நிர்வாகியின் அதிகாரத்தோடு இயங்குகிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டு பயனர்களின் இல்லக் கோப்புறைகளைத் தொடுவது டெபியன் மரபில் தவறு. அதனால்தான் இடமாற்றம் நிறுவும் நேரத்தில் அல்லாமல், பயனர் தாமே செயலியைத் திறக்கும் நேரத்தில், அவருடைய அனுமதி எல்லைக்குள் நடந்தது.

## நிலைத்தன்மையும் பாதுகாப்பும்

நிலையான வெளியீடு என்றால் எதுவும் மாறாது என்பது பயனரின் எதிர்பார்ப்பு. பாதுகாப்பு வேண்டுமானால் மாற்றம் தவிர்க்க முடியாதது. இந்த முரண் 2020-இல் வெளிப்படையாகத் தெரிந்தது. அதுவரை தண்டர்பேர்டில் கடிதங்களை மறையாக்க 'எனிக்மெயில்' என்ற துணைநிரல் பயன்பட்டது. டெபியனில் அது தனிப் பொதி. தண்டர்பேர்ட் 78 பதிப்பு ஓபன்பிஜிபி மறையாக்கத்தைத் தனக்குள்ளேயே கொண்டுவந்தது. பழைய வகைத் துணைநிரல்களுக்கான ஆதரவை நிறுத்தியது. எனிக்மெயில் இயங்க முடியாமல் போனது.

டெபியன் 10 பயனர்களுக்கும் பாதுகாப்பு இற்றைப்படுத்தலாக 78 பதிப்பே வந்தது. அவர்களின் மறையாக்கத் திறவுகோல்கள் ஜினுபிஜி தொகுப்பில் இருந்தன. புதிய தண்டர்பேர்ட் தனக்கெனத் தனிச் சேமிப்பை வைத்திருந்தது. எனவே திறவுகோல்களை இடம் மாற்ற வேண்டியிருந்தது. பழைய பதிப்பிலேயே இருந்தால் அறியப்பட்ட ஓட்டைகளோடு அஞ்சல் படிக்க வேண்டும். புதியதற்குச் சென்றால் பழகிய முறை மாறும். இத்தகைய நேரத்தில் பொதியாக்கம் செய்பவர்கள் பாதுகாப்பையே தேர்கின்றனர். மாற்றத்தை முன்கூட்டியே அறிவித்து, வழிகாட்டுவதும் அவர்கள் பணியாகிறது.

## தமிழ்நாட்டில் டெபியனின் தடம்

சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2007-இல் வெளிவந்தது. இந்திய மொழிகளுக்கான ஆதரவு அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. 2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. இதனால் புளியங்குடி, சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் மாணவர்கள் கைக்கும் டெபியன் வழிவந்த ஓர் இயங்குதளம் சென்றது. டெபியனில் யாரோ ஒருவர் பொதியாக்கும் நிரல், அதன் வழித்தோன்றல்கள் வாயிலாக எங்கெங்கோ போய்ச் சேர்கிறது.

2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன் ஆர்வலர்களின் சிறு மாநாடு நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடு கொச்சியில் நடைபெற்றது.

## தமிழ் மொழிப் பொதி

டெபியன் நிறுவியின் திரைகளைத் தமிழில் பார்க்கலாம். லோகித் தமிழ் எழுத்துரு தனிப் பொதியாகக் கிடைக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் தஸ்கி, தாப், தாம் எனப் பல குறியாக்கங்கள் இருந்ததால், ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம் மற்றவர் திரையில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. யூனிகோடு குறியாக்கமும் எழுத்துருப் பொதிகளும் பரவிய பின் அந்த நிலை பெரும்பாலும் நீங்கியது. இன்று தண்டர்பேர்டில் தமிழில் கடிதம் எழுதலாம், படிக்கலாம்.

ஆனால் செயலியின் பட்டிகளும் பொத்தான்களும் தமிழில் இல்லை. ஒரு காலத்தில் இருந்தன. இலங்கைத் தமிழுக்கான குறியீட்டில் தண்டர்பேர்ட் மொழியாக்கம் வெளிவந்தது. டெபியனிலும் அது ஐஸ்டவின் மொழிப் பொதிகளுள் ஒன்றாக வழங்கப்பட்டது. தண்டர்பேர்டின் இப்போதைய வெளியீடுகளின் மொழிப் பட்டியலில் தமிழ் இடம்பெறவில்லை.

இதன் காரணம் பொதியாக்கத்தில் இல்லை. ஒவ்வொரு பதிப்பிலும் புதிய சொற்றொடர்கள் சேர்கின்றன. அவற்றை மொழிபெயர்க்க ஆள் இல்லாதபோது, மூலத் திட்டம் அந்த மொழியை வெளியீட்டிலிருந்து விலக்கிவிடும். மூலத்தில் இல்லாத மொழியைப் பொதியாக்க முடியாது. வணிகக்குறிச் சிக்கலைப் பேசித் தீர்க்க முடிந்தது. மொழியாக்கச் சிக்கலோ, தொடர்ந்து உழைப்பவர் இருந்தால் மட்டுமே தீரக்கூடியது.

குநோம் திட்டத்தின் 'எவல்யூஷன்' செயலியில் ஏற்பாடு வேறு. அதன் மொழிக் கோப்புகள் மூல நிரலோடேயே வைக்கப்படுகின்றன. தமிழ்க் கோப்பும் அவற்றுள் ஒன்று. மொழிபெயர்க்கப்படாத சொற்றொடர்கள் ஆங்கிலத்தில் தெரியும். மற்றவை தமிழிலேயே இருக்கும். மொழியாக்கம் பின்தங்கினாலும் மொழி முழுதாக மறைந்துவிடுவதில்லை.

## மாற்றுப் பொதி முறைகள்

அண்மை ஆண்டுகளில் ஸ்னாப், பிளாட்பேக் ஆகிய பொதி முறைகள் பரவியுள்ளன. இவற்றில் நிரலும் அதற்குத் தேவையான நூலகங்களும் பெருமளவு ஒன்றாகவே வருகின்றன. ஒரே பொதி பல வழங்கல்களில் இயங்கும். மூலத் திட்டமே நேரடியாக வெளியிடவும் முடியும். உபுண்டு 24.04 முதல் தண்டர்பேர்ட் ஸ்னாப் வடிவில் வழங்கப்படுகிறது.

புதிய பதிப்பு விரைவில் கிடைப்பது இதன் நன்மை. ஒரே நூலகம் பல பொதிகளுக்குள் இடம்பெறுவதால் வட்டில் கூடுதல் இடம் செலவாவது குறை. வழங்கலின் பொறுப்பாளர் என்ற இடைநிலைச் சரிபார்ப்பும் இங்கு மெலிகிறது. டெபியன் இன்றும் தண்டர்பேர்டைத் தன் டெப் வடிவிலேயே வழங்குகிறது.

## மாணவர்கள் பங்கேற்கும் வழிகள்

பெரிய மின்னஞ்சல் செயலியைப் பொதியாக்குவதில் தொடங்குவது கடினம். வழக்கமான வழி பின்வருமாறு அமைகிறது.

1. டெபியனையோ அதன் வழித்தோன்றலையோ நிறுவி, ஏற்கெனவே உள்ள ஒரு சிறு பொதியின் மூலத்தை இறக்கி, மாற்றமின்றித் தொகுத்துப் பார்த்தல்.
2. வழு அறிக்கைகளைப் படித்து, அவற்றைத் தம் கணினியில் மீண்டும் நிகழ்த்திப் பார்த்து உறுதிசெய்தல்.
3. எழுத்துரு, அகராதி போன்ற எளிய பொதிகளில் திருத்தம் அனுப்புதல்.
4. புதிய பொதியைச் செய்ய விரும்பினால், அந்த எண்ணத்தை முதலில் டெபியனின் வழுப் பதிவகத்தில் அறிவித்தல். ஒரே வேலையை இருவர் செய்வதை இது தவிர்க்கும்.
5. ஏற்றும் உரிமை உள்ள டெபியன் உறுப்பினர் ஒருவரின் பரிந்துரையோடு பொதியைச் சமர்ப்பித்தல். புதிய பொதிகள் உரிமச் சோதனைக்குப் பிறகே களஞ்சியத்தில் நுழையும்.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் இடம் உண்டு. மொழியாக்கம் அவற்றுள் முதன்மையானது. தண்டர்பேர்டின் தமிழ் மொழியாக்கம் மீண்டும் உயிர்பெற்று மூலத் திட்டத்தின் வெளியீட்டில் சேர்ந்தால், மற்ற மொழிகளைப் போலவே அதுவும் டெபியனில் தனி மொழிப் பொதியாகக் கிடைக்கும். டெபியன் வழிவந்த வழங்கல்களுக்கும் அங்கிருந்து செல்லும்.